நார்மண்டி வேலிக்கரைகள்: 28 மி.மீ. போர் விளையாட்டு மேசைக்கு நிலவமைப்பு செய்வது எப்படி?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். இரண்டாம் உலகப் போரைச் சிற்றுருவங்களால் ஆடும் போல்ட் ஆக்‌ஷன் விளையாட்டுக்காக, 1944 ஜூலையில் பிரான்சின் நார்மண்டியில் செயிண்ட்-லோவைச் சுற்றியிருந்த போகாஜ் நிலத்தை, அதாவது உயிர்வேலிகளால் பிரிக்கப்பட்ட வயல்வெளியை, ஆறடிக்கு நான்கடி மேசையில் அமைக்கத் தொடங்கியிருக்கிறேன். அமெரிக்கக் காலாட்படைக்கும் ஷெர்மன் டாங்கிகளுக்கும் வண்ணம் பூசி முடித்துவிட்டேன். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை லேசரால் வெட்டிய பண்ணைவீடு ஒன்று இன்னும் ஒட்டப்படாமல் இருக்கிறது. வேலை நின்றுபோயிருப்பது உயிர்வேலியில்தான். ரயில் மாதிரிகளுக்காக விற்கப்படும் ஆயத்த வேலித் துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பூங்காவின் நடைபாதை ஓரம் போல இருக்கிறதே தவிர, ஒரு படையையே வாரக்கணக்கில் மறித்து நிறுத்திய தடையாகத் தோன்றவில்லை. வேலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், உள்ளே நிரப்பத் தெர்மாகோல் போதுமா, அடித்தட்டு வளையாமல் இருக்க என்ன செய்வது, எந்த வரிசையில் வண்ணம் பூசுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறடிமேசை எழுதியது:

ஆயத்த வேலியில் இல்லாதது மண். நார்மண்டி வேலியில் பாதி மண்கரை, மீதிதான் செடி. வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துவந்த அந்தக் கரைகள் 3 அடி முதல் 12 அடி வரை உயர்ந்திருந்தன என்றும், அவற்றின் மேல் ஹாதார்ன் முட்செடியும் கொடியும் மரமும் பின்னிக்கொண்டு இன்னும் 3 முதல் 15 அடி வரை எழுந்திருந்தன என்றும் அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்றுப் பதிவு கூறுகிறது. ஷெர்மன் அந்தக் கரையில் ஏற முயன்றபோது அதன் பீரங்கி வானத்தைப் பார்த்தது; கவசம் மெலிந்த அடிவயிறு எதிரியின் குறிக்கு நேராக வந்தது. சார்ஜென்ட் கர்ட்டிஸ் கியூலின் கரையை உடைத்துச் செல்ல டாங்கியின் முகப்பில் எஃகுக் கொம்புகளைப் பற்றவைத்ததும், அதற்கான எஃகைக் கடற்கரையில் ஜெர்மானியர் நட்டுவைத்திருந்த தடைகளிலிருந்தே எடுத்துக்கொண்டதும் இதனால்தான். ஆகவே முதலில் கரையைச் செய்யுங்கள், செடி பிறகு வரட்டும்.

28 மி.மீ. உயர உருவங்களுக்கு ஏறத்தாழ 1:56 என்ற அளவைக் கொண்டால், 3 அடிக் கரை 16 மி.மீ. ஆகவும் 12 அடிக் கரை 65 மி.மீ. ஆகவும் வரும். நான் 25 முதல் 30 மி.மீ. வரையிலான கரையையும் அதன் மேல் 30 முதல் 50 மி.மீ. வரையிலான செடியையும் பரிந்துரைப்பேன். அந்த உயரத்தில் கரைக்குப் பின்னால் நிற்கும் வீரனின் தலையும் துப்பாக்கியும் மட்டும் வெளியே தெரியும். யாருக்கு மறைப்பு உண்டு என்ற வாதம் விளையாட்டின் நடுவே எழாது.

தெர்மாகோலைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டும் இடமெல்லாம் மணிமணியாக உதிரும், வண்ணம் பூசிய பின்னும் அந்த மணிகள் கண்ணுக்குத் தெரியும். கூரையில் வெப்பத்தைத் தடுக்கப் பயன்படும் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை நெருக்கமானது, கூரான கட்டர் கத்தியால் சரிவாகச் சீவினால் வழவழப்பாக வரும். சூடான கம்பியால் வெட்டுவதானால் சன்னல்களைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை நல்லதன்று. பலகையின் நிறுவனப் பெயர் அச்சிட்ட மேல்தோலைக் கம்பித் தூரிகையால் கீறிவிட்டால்தான் பசை பிடிக்கும். கரையின் இரு பக்கங்களையும் ஒரே சரிவில் வெட்டாதீர்கள். பாதையை நோக்கிய பக்கம் செங்குத்தாகவும் வயலை நோக்கிய பக்கம் சாய்வாகவும் இருந்தால் இரு கரைகளுக்கு நடுவே தாழ்ந்து ஓடும் பள்ளப்பாதையின் இறுக்கம் கிடைக்கும்.

அடித்தட்டுக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். போதும். ஓரங்களை உப்புத்தாளால் சரித்து, தண்ணீர் கலக்காத ஃபெவிகாலை அந்த ஓரங்களில் தடவி அடைத்துவிடுங்கள். ஈரம் பட்டால் எம்.டி.எஃப். முதலில் ஊதுவது அங்கேதான். தேய்க்கும்போது முகமூடி அவசியம். தட்டு வளைவதற்குக் காரணம், மேற்புறத்தில் பூசிய நீர்ப்பசை காயும்போது சுருங்கி இழுப்பது. அடிப்புறத்திலும் அதே பூச்சை அதே நேரத்தில் கொடுத்துவிட்டால் இரு பக்க இழுப்பும் ஏறக்குறைய சமமாகிவிடும். பலகையைத் தட்டோடு ஒட்டும்போது ஃபெவிகாலைப் பரப்பித் தடவினால் காற்றுப் புகாத நடுப்பகுதி வெகு நேரம் ஈரமாகவே இருக்கும். எனவே மெல்லிய கோடுகளாக இட்டு, பல்குத்தும் குச்சிகளை ஆணிபோல இறக்கி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

கிளுவைவேலி எழுதியது:

கரையைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. செடிக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன். ஐரோப்பாவில் இந்த வேலியைச் செய்கிறவர்களில் பலர் ரப்பர் பூசிய குதிரைமுடியைப் பிய்த்துப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெத்தைகளுக்குப் பயன்படும் ரப்பர் கலந்த தேங்காய் நார் ஏறக்குறைய அதே தன்மையுடையது. மெத்தை தைக்கும் கடைகளில் கழிவுத் துண்டுகளாகக் கிடைக்கும். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்த்து, உள்ளே காற்று தெரியும் அளவுக்கு விரித்து, கரும்பழுப்பு நிறம் தடவிக் காயவிடுங்கள். அதன் பின் நீர் கலந்த ஃபெவிகாலைத் தெளித்துப் பச்சைத் தூளைத் தூவினால், நார் கிளையாகவும் தூள் இலையாகவும் நிற்கும். இடையிடையே உலர்ந்த வேர்த் துண்டுகளை மரத்தண்டாகக் கரையில் செருகினால் வேலிக்கு வயது வந்துவிடும்.

வயலுக்கும் தேங்காய் நார்தான். வாசலில் போடும் நார் மிதியடியைச் சதுரமாக வெட்டி வைத்தால் முற்றிய கோதுமை வயலாகிவிடும். உங்கள் மேசை ஜூலை இறுதி என்றால் அந்தப் பொன்னிறம் பொருந்தும். ஜூன் மாதச் சண்டை என்றால் மேலே பச்சையைத் தட்டி ஏற்றுங்கள். ஆப்பிள் தோப்பு வைப்பதாக இருந்தால் பூ வேண்டாம். நார்மண்டியில் ஆப்பிள் பூக்கும் காலம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்.

வரப்போரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தேங்காய் நார் என் எண்ணத்திலேயே வரவில்லை. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. வேலியில் திறப்புகளை எவ்வளவு அகலமாக விடுவது? எக்ஸ்.பி.எஸ். மீது ஸ்பிரே பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கலாமா?

சாம்பல்தூரிகை எழுதியது:

ஸ்பிரேயை வெறும் எக்ஸ்.பி.எஸ். மீது அடிக்கவே கூடாது. டப்பாவில் உள்ள கரைப்பான் நுரையை அரித்துக் குழி குழியாக்கிவிடும். பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான சிமெண்ட்டும் சாதாரண சூப்பர் குளூவும் அதையே செய்யும். ஃபெவிகாலையும் கறுப்பு அக்ரிலிக்கையும் சம அளவில் கலந்து தூரிகையால் இரண்டு முறை பூசுங்கள். இதுவே பிரைமர், இதுவே கவசம். மண்ணின் சொரசொரப்புக்கு வால் புட்டி, சலித்த மணல், ஃபெவிகால், பழுப்பு வண்ணம் ஆகியவற்றைக் குழைத்து அப்புங்கள். கலவைக்குள்ளேயே நிறம் இருந்தால் பின்னாளில் ஓரம் பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது.

காய்ந்த பிறகு பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பை முழுவதும் தடவி, அதனுடன் மஞ்சள் ஓக்கரைச் சிறிது சிறிதாகக் கலந்து, தூரிகையில் ஈரமே இல்லாதபடி துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லும் டிரைபிரஷ் இரண்டு மூன்று சுற்றுகள் செய்யுங்கள். கடைசிச் சுற்று மிக மெல்லியதாக இருக்கட்டும். இதற்கு விலையுயர்ந்த மினியேச்சர் வண்ணங்கள் தேவையில்லை, ஃபெவிக்ரில் அக்ரிலிக்கே நிறைவாக வேலை செய்கிறது. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு: கரைக்குக் கலந்த அதே பழுப்பையும் அதே புல்லையும் வீரர்களின் அடித்தட்டுகளுக்கும் பயன்படுத்துங்கள். எவ்வளவு அழகாகச் செய்த மேசையிலும் வேறு நிற வட்டங்களின் மேல் வீரர்கள் நின்றால் அவர்கள் அந்த நிலத்தைச் சேர்ந்தவர்களாகத் தெரிவதில்லை. வண்ணம் பூசி முடித்தவைதானே என்று தயங்காதீர்கள். அடித்தட்டை மட்டும் மறுபடி பூசுவது ஒரு மாலை வேலை.

பண்ணைவீட்டின் நிறமும் இதோடு சேர்ந்தது. நார்மண்டி என்றதும் பலர் பூசும் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் கான் நகரப் பக்கத்துக்கு உரியது. செயிண்ட்-லோ பக்கம் சாம்பலும் பழுப்பும் கலந்த ஷிஸ்ட் கல்லும் கருநிற ஸ்லேட் கல் கூரையும் பொருந்தும். எம்.டி.எஃப். சுவரில் லேசர் கீறிய கோடுகள் மிக நேராக இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய அட்டையைக் கிழித்து ஒழுங்கற்ற கற்களாக ஒட்டினால் வீடு மாறிவிடும். கூரையை ஒட்டாமல் கழற்றும்படி வையுங்கள், உள்ளே வீரர்களை நிறுத்த வேண்டியிருக்கும்.

ஆறடிமேசை எழுதியது:

திறப்பைப் பற்றி: அதே அளவில் ஷெர்மனின் அகலம் 4.7 செ.மீ. வரும். வயல் வாயில்களை 7 செ.மீ. விடுங்கள். பள்ளப்பாதையை மட்டும் 8 செ.மீ. ஆக்குங்கள், கரைகளுக்கு நடுவே கையை விட்டு டாங்கியை எடுக்க அவ்வளவு இடம் வேண்டும். கொம்பு பொருத்திய டாங்கி உடைத்துக்கொண்டு வரும் காட்சிக்காக, சில கரைத் துண்டுகளின் நடுவில் 7 செ.மீ. பகுதியைத் தனியாக வெட்டி, தேவைப்படும்போது எடுத்துவிட்டுச் சிதைந்த மண்ணும் முறிந்த கிளையும் உள்ள மாற்றுத் துண்டை வைக்கும்படி செய்யலாம். அந்தக் கொம்புகள் பெருமளவில் பயன்பட்டது ஜூலை 25 அன்று தொடங்கிய கோப்ரா என்ற அமெரிக்கத் தாக்குதலில். அதற்கு முந்தைய சண்டை என்றால் முழுக் கரையையே வைத்து விளையாடுங்கள்.