இடி என்றாலே நடுங்கும் மகள், என்ன செய்யலாம்?

வணக்கம். நேற்று பகல் முழுக்க வீடு அடுப்பாகக் கொதித்தது. நாலு மணிக்கு வானம் சட்டென்று இருண்டு, கொடியில் கிடந்த துணியை அள்ளுவதற்குள் காற்றும் மழையும் வந்துவிட்டன. கரண்டும் போனது. அது பரவாயில்லை, என் ஐந்து வயது மகளை நினைத்துத்தான் கவலை. முதல் இடிக்கே கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தவள், மழை விட்ட பிறகும் விடவில்லை. பிஞ்சு உள்ளங்கை முழுக்க வியர்வை.

ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அதனால் மின்னல் வெட்டியதும் எண்ணச் சொன்னேன். 9 வரை எண்ணினாள். “மூணு கிலோமீட்டர் தள்ளியிருக்கு” என்றதும் தலையை நீட்டிப் பார்த்தாள். அடுத்தது இரண்டு எண்ணுவதற்குள் வெடித்தது, மறுபடி அழுகை.

ஜன்னல்களைச் சாத்தினால் 78 வயது அப்பாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. வயதானால் தாகமும் சரியாகத் தெரியாதே, நாமே கேட்டுக் கேட்டுத் தண்ணீர் தர வேண்டும். அவரைக் கவனிக்கக்கூட இவள் என்னை விடவில்லை.

இடிக்குப் பயந்த பிள்ளைகளை நீங்கள் எப்படித் தேற்றினீர்கள்? எத்தனை வயதில் பயம் தெளிந்தது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன். இன்றும் மேகம் கூடுகிறது.