ஹூஸ்டனிலிருந்து மெக்சிகோவின் வஹாக்கா வரை சொந்தக் காரில்: எங்கே சிக்கும்?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். டிசம்பர் கடைசியில் 12 நாள் விடுப்பு. லரேடோவில் எல்லை தாண்டி மான்டெரே, சான் லூயிஸ் பொட்டோசி, மெக்சிகோ சிட்டி, பூயேப்லா, வஹாக்கா வரை காரிலேயே போய்த் திரும்ப யோசனை. நாலு பேர்: எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த எச்4 விசா, பிள்ளைகள் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை. கார் 2019 மாடல், வங்கிக் கடன் இன்னும் பாக்கி. அனைவரும் சைவம். பாதுகாப்பு பற்றிப் பொதுவாக நிறையப் படித்தாகிவிட்டது. காகிதம், சாலை, சாப்பாடு இவற்றில் நடைமுறையில் எங்கே இடிக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கோடு:
முதலில் விசாவைப் பாருங்கள். அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். எச்1பி நீட்டிப்புக்கு வந்த ஐ-797 ஒப்புதல் தாள் அதற்கு ஈடாகாது. காலாவதியான ஸ்டாம்போடு 30 நாளுக்குள் திரும்பி வரலாம் என்று ஒரு விதி இருக்கிறதே, அது அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான விதி. மெக்சிகோவுக்குள் போக உதவாது. பலரும் இதையும் அதையும் குழப்பிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஸ்டாம்ப் முடிந்திருந்தால் மெக்சிகோ தூதரகத்தில் விசா எடுங்கள். மனைவியின் எச்4 ஸ்டாம்பையும் இன்றே புரட்டிப் பாருங்கள்.

தரைவழி எல்லையில் உங்களை யாரும் நிறுத்தாமலே போய்விட முடியும். அதுதான் ஆபத்து. குடிவரவு அலுவலகத்தை நீங்களே தேடிப்போய் நுழைவு அனுமதி பெற வேண்டும். 7 நாளுக்கு மேல் தங்குவதால் அதற்குக் கட்டணம் உண்டு. இந்த அனுமதி கையில் இல்லாவிட்டால் அடுத்த வேலை நடக்காது.

அடுத்த வேலை, காருக்கான தற்காலிக இறக்குமதி அனுமதி. பான்ஹெர்சிதோ என்ற ராணுவ வங்கியின் கவுன்ட்டரில் தருகிறார்கள். எல்லையை ஒட்டிய பட்டையைத் தாண்டி உள்ளே போக இது கட்டாயம். பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, கார் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், உரிமையாளர் பெயரிலேயே கிரெடிட் கார்டு, எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். 2007-க்குப் பிந்தைய மாடல் என்பதால் 400 டாலர் டெபாசிட், கட்டணம் தனி. உங்கள் விஷயத்தில் இடிக்கப்போவது கடன்தான். கார் எண், பயணத் தேதி குறிப்பிட்டு, மெக்சிகோவுக்குக் கொண்டுபோகச் சம்மதம் என்று வங்கியின் கடிதத்தாளில் எழுதி வாங்க வேண்டும். சில வங்கிகள் வாரக்கணக்கில் இழுக்கும், சில மறுத்தே விடும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இன்றைக்கு இதைக் கேளுங்கள்.

திரும்பும்போது பான்ஹெர்சிதோவில் நிறுத்தி அனுமதியை ரத்து செய்யாமல் எல்லைப் பாலம் ஏறிவிட்டால் 400 டாலர் போயிற்று. அடுத்த முறை கார் கொண்டுபோகவும் அனுமதி கிடைக்காது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நீங்களாகக் கிழிக்காதீர்கள்.

அமெரிக்க இன்சூரன்ஸ் அங்கே செல்லாது. மெக்சிகோ பாலிசி தனியாக எடுங்கள். விபத்தில் யார் பொறுப்பு என்று தெரியும்வரை ஓட்டுநரைக் காவலில் வைக்கலாம். அதனால் சட்ட உதவியும் ஜாமீனும் பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நபர் பொறுப்பு 3 லட்சம் டாலருக்குக் குறைய வேண்டாம் என்பேன்.

டெக்சாஸ் கார் என்பதால் இதையும் சொல்கிறேன்: டிக்கியில் ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு உருண்டு கிடந்தாலும் அங்கே கடும் குற்றம். சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரைக்கும் தடை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அமெரிக்காவில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்புவார்கள், லரேடோவில் வரிசை நகராது. வடமேற்கே உள்ள கொலம்பியா பாலத்தில் கூட்டம் குறைவு; கார் அனுமதியும் அங்கேயே கிடைக்கும். அது இறங்குவது நுவோ லியோன் மாநிலத்தில். லரேடோவுக்கு எதிர்க்கரை தமாவுலிபாஸ். அங்கே போக வேண்டாம் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் எச்சரிக்கை.

நெடுஞ்சாலை57:
சாலைக்கு வருகிறேன். எண்ணுக்குப் பின் 'டி' இருந்தால் சுங்கச்சாலை, அங்கே 'குவோட்டா' என்பார்கள். இலவசச் சாலை 'லிப்ரே'. இருக்கும் இடமெல்லாம் குவோட்டாவிலேயே போங்கள். சாவடியில் வெளிநாட்டு கார்டை நம்ப வேண்டாம், 50, 100, 200 பேசோ நோட்டாக வைத்திருங்கள். ரசீதை எறியாதீர்கள். அந்தச் சாலையில் விபத்து நேர்ந்தால் சாலை நிர்வாகத்தின் காப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.

லிப்ரேயில் ஒவ்வொரு ஊரின் வாசலிலும் 'தோப்பே' எனும் வேகத்தடை. பெயின்ட் அழிந்து, பலகையும் இல்லாமல் இருக்கும். 60-ல் ஏறினால் சஸ்பென்ஷன் போகும், முன் பம்பரின் அடி உரசும். இருட்டினால் தோப்பே தெரியாது, ரோட்டில் படுத்திருக்கும் மாடும் தெரியாது, விளக்கில்லாமல் நிற்கும் லாரியும் தெரியாது. டிசம்பரில் 6 மணிக்கே இருட்டிவிடும். காலை 7-க்குக் கிளம்பி மாலை 5-க்கு அறையில் இருப்பது மாதிரி நாளைப் பிரியுங்கள்: முதல் நாள் சால்தியோ, அடுத்த நாள் சான் லூயிஸ் பொட்டோசி, பிறகு கெரெத்தாரோ.

முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு அர்த்தம்: 'முந்திக்கொள்' அல்லது 'நான் இடதுபுறம் திரும்பப் போகிறேன்'. பக்கத்தில் குறுக்குச் சாலை தெரிந்தால் முந்தவே வேண்டாம். முன்னால் திடீரென்று வேகம் குறைந்தால் நான்கு விளக்கையும் போட்டுப் பின்னால் வருபவரை எச்சரிப்பது அங்குள்ள வழக்கம், நீங்களும் போடுங்கள்.

பூயேப்லாவிலிருந்து வஹாக்காவுக்கு 150டி, குவாக்னோபாலனில் பிரிந்து 135டி. சுங்கச்சாலைதான் என்றாலும் பெரும்பகுதி இருவழி. எல்லோரும் அகலமான ஓரத்தில் பாதி ஒதுங்கி ஓட்டி, வேகமாக வருபவருக்கு நடுவில் இடம் விடுவார்கள். தனியாக நடுவில் போனால் எதிரே முந்தி வருபவனுக்கு இடமிருக்காது. வஹாக்காவில் ஆசிரியர் சங்கமோ ஊர்மக்களோ சாலையை மறிப்பது சாதாரணம். பொறுமையாக நில்லுங்கள், ஊடே நுழைந்து போக முயல வேண்டாம். இறக்கங்களில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகம் பிடியுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பெட்ரோல் பங்கில் பச்சை 'மாக்னா' 87 ஆக்டேன், உங்கள் காருக்குப் போதும். ஊழியர்தான் நிரப்புவார். மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். 5, 10 பேசோ கொடுப்பது மரியாதை. வண்டி நின்றுவிட்டால் 078: 'பச்சைத் தேவதைகள்' எனும் அரசு உதவி வண்டி நெடுஞ்சாலையில் இலவசமாக வரும். உதிரிப் பாகத்துக்கு மட்டும் காசு.

ஹூஸ்டன்வாசி:
கடன் கடிதம் இதுவரை எங்கள் கவனத்துக்கே வரவில்லை, மிக்க நன்றி. மெக்சிகோ சிட்டிக்குள் காரைக் கொண்டுபோகலாமா?

நெடுஞ்சாலை57:
கொண்டுபோகாமல் இருப்பது மேல். 'ஓய் நோ சிர்குலா' என்ற மாசுக் கட்டுப்பாடு 1989 முதல் நடக்கிறது. வெளிநாட்டு பிளேட்டுக்கு வாரநாளில் காலை 5 முதல் 11 வரை தடை. அதுபோக, கடைசி எண்ணைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாளும், சனிக்கிழமையும் தடை. இணையத்தில் இலவசச் சுற்றுலா பாஸ் எடுத்தால் 7 அல்லது 14 நாள் விலக்கு. அச்சிட்டு வண்டியில் வையுங்கள். நகரத்தில் தங்கும் நாட்களில் விடுதி நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு மெட்ரோவில் சுற்றுங்கள். நகரம் வேண்டாம் என்றால் 'ஆர்கோ நோர்தே' வெளிவட்டச் சாலை நேரே பூயேப்லா பக்கம் இறக்கிவிடும். சுங்கம் அதிகம், ஆனால் அரை நாள் மிச்சம்.

சைவச்சமையல்:
'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் பாதி வேலைதான் ஆகும். 'கார்னே' என்பதை அவர்கள் மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். கோழி தட்டில் வந்துவிடும். 'போயோ' வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கும்: 'சின் மந்தேக்கா' என்று கேளுங்கள். சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழி ரசத்தில் வெந்தது. வஹாக்காவின் பெரிய சோள ரொட்டியான த்லயூதாவில் 'அசியெந்தோ' என்ற கொழுப்பைத் தடவுவார்கள், 'சின் அசியெந்தோ' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோலே குழம்பும் கோழி ரசம் சேர்ந்ததுதான், கேட்காமல் வாங்க வேண்டாம்.

தைரியமாகச் சாப்பிடக் கூடியவை: பூசணிப்பூ வைத்த கெசதீயா (மடித்த சோள ரொட்டி), வதக்கிய கள்ளி மடல், மிளகாய்க் கீற்று போட்ட டாக்கோ, சுட்ட சோளம். மெக்சிகோ சிட்டியில் கெசதீயாவுக்குச் சீஸ் வேண்டுமென்றால் அதையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.