நோய் ஆதரவுச் சிகிச்சைப் பணிக்கு மாற வழிகாட்டல் தேவை

குழுவினருக்கு வணக்கம். கோத்தகிரியில் செவிலியராகப் பணிபுரியும் நான், குணப்படுத்த இயலாத நிலையில் உள்ளோருக்கான ஆதரவுச் சிகிச்சைக்கு, குறிப்பாக அவர்களின் குடும்பத்தினருக்குத் துணைநிற்கும் பணிக்கு, மாற விரும்புகிறேன். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பப்பட்ட பிறகு, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் படுக்கைப்புண்ணையும் இரவு முழுதும் நீளும் வலியையும் சமாளிப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவர்களுக்கோ விடிந்தால் இலை பறிக்கவும் போக வேண்டும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகச் சேர்வது எப்படி? 1993 முதல் இத்துறையில் முன்னோடியாக விளங்கும் கோழிக்கோட்டில் பயின்றவர்கள் இருந்தால், வேலையை விடாமல் படிக்க இயலுமா, இழப்புத் துயர ஆலோசனைக்குத் தனிப் பயிற்சி உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். சான்றிதழ் எனக்கு இரண்டாம்பட்சமே. நீலகிரியில் வீடு தேடிச் செல்லும் குழுவினர் என்னையும் உடன் அழைத்துச் சென்றால் மிகவும் நன்றியுடையவளாவேன்.