சுற்றுப்புறக் குறிப்பு கண்ணில் படவில்லை. மஞ்சள் சாயம் பூசவும் மனமில்லை

நிலவறை (கேள்வி)

வணக்கம். கதாபாத்திரத்தின் கண் வழியாகவே உலகைக் காட்டும் கணினிப் புதிர் ஆட்டம் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். அதில் வரும் பழைய நூலகத்தில் ஓர் அலமாரியை இழுத்தால் அதன் பின்னால் வழி திறக்கும். இதை உணர்த்த, அலமாரி பலமுறை திறந்து மூடிய தடமாகத் தரையில் கால்வட்டக் கீறல் ஒன்றை வரைந்து, அருகிலுள்ள மெழுகுவத்தியின் சுடர் இடுக்கிலிருந்து வரும் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரியுமாறு அமைத்திருக்கிறேன். ஆயினும், ஆடிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அறையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஆட்டத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள். இதைத் தொடலாம் என்று பளிச்செனத் தெரிய அலமாரியின் விளிம்பில் மஞ்சள் சாயம் பூசிவிடலாம் என்கிறார் உடன் பணியாற்றுபவர். தானே கண்டுபிடித்த மகிழ்ச்சி ஆட்டக்காரருக்கு இல்லாமல் போய்விடுமே என்று தயங்குகிறேன். வேறு வழி உண்டா? காணொளியை இணைத்துள்ளேன்.

ஒளிக்கீற்று

காணொளியைப் பார்த்தேன். குறிப்புகள் இரண்டும் அருமையானவை. சுற்றியிருப்பவைதான் அவற்றை விழுங்கிவிடுகின்றன. தரை முழுவதும் வெடிப்புகள் இருக்கும்போது உங்கள் கீறல் இன்னொரு வெடிப்பாகவே தெரிகிறது. எல்லாச் சுடர்களும் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் சாய்ந்திருப்பதை யார் கவனிப்பார்கள்? குறிப்பை உரக்கச் சொல்ல வேண்டாம், மற்றவற்றை அடக்குங்கள். மற்றச் சுடர்கள் அசையாமல் நிமிர்ந்து எரியட்டும். அலமாரியின் முன்னால் மட்டுமாவது தரை வழவழப்பாக இருக்கட்டும்.

அறையின் திரைப்பிடிப்பை நிறம் நீக்கி, அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நான் பார்த்தபோது எதிர்ச்சுவரின் ஜன்னல் வெளிச்சம் மட்டுமே எஞ்சியது. ஆட்டக்காரரின் கண்ணும் அங்கேதான் போகும். லெஃப்ட் 4 டெட் (2008) ஆட்டத்தில் இருண்ட இடங்களில் விளக்கொளியே வழிகாட்டியாக இருந்தது. உங்கள் ஒளியோ ஆட்களை எதிர்த்திசைக்கு அழைத்துப் போகிறது.

படிக்கட்டு

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால், தரைக் கீறலின் பொருளை ஆட்டக்காரர் அதற்கு முன் எங்கே கற்றார் என்பதும் முக்கியம். ஹாஃப்-லைஃப் 2 (2004) ஆட்டத்தில் ரேவன்ஹோம் பகுதிக்குள் நுழைந்ததுமே சுவரில் பதிந்த வட்ட ரம்பத் தகடும் இரண்டாகத் துண்டான ஸோம்பியின் உடலும் கண்ணில் படும். பொருள்களை இழுத்துப் பிடித்து வீசும் ஈர்ப்புத் துப்பாக்கியால் தகடுகளை எறியலாம் என்பதை அந்தக் காட்சியே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நீங்களும் நூலகத்துக்கு முந்தைய அறையில் பாதி திறந்து நிற்கும் அலமாரி ஒன்றையும், அதன் அடியில் அதே கீறலையும் வையுங்கள். அங்கே புதிர் எதுவும் வேண்டாம், கடந்து போனால் போதும்.

கைவிளக்கு

மஞ்சள் சாயத்துக்காகவும் சற்றுப் பேச விரும்புகிறேன். ரெசிடென்ட் ஈவில் 4 மறுவாக்கத்தில் (2023) உடைக்கக்கூடிய பெட்டிகளிலும் ஏணிகளிலும் அது பூசப்பட்டதைப் பலர் குறை கூறினார்கள். ஆனால் காட்சி நுணுக்கம் கூடக் கூட, எதைத் தொடலாம், எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறிவது உண்மையிலேயே கடினமாகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இன்னும் கடினம். மிரர்ஸ் எட்ஜ் (2008) செல்லவேண்டிய வழியைச் சிவப்பாக்கிக் காட்டியது. வேண்டாதவர்கள் அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம். அத்தகைய தேர்வு ஒன்றைக் கொடுங்கள். கண்ணை மட்டும் நம்பாமல், இடுக்கில் காற்று நுழையும் ஒலியையும் சேருங்கள்.

நிலவறை

அனைவருக்கும் நன்றி. சுடர்களை அடக்கி, ஜன்னலை மூடி, முந்தைய அறையில் பாதி திறந்த அலமாரியை வைத்து, புதியவர்கள் சிலரிடம் கொடுத்தேன். முதலில் ஆடியவர் அலமாரியைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். ஒருவர் மட்டும் தவறவிட்டார்: பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்ததால் தூண் ஒன்று அவருக்குச் சுடரை மறைத்துவிட்டது. காற்றொலியை இன்னும் சேர்க்கவில்லை. தூணை நகர்த்திவிட்டு, ஒலியோடு அடுத்த காணொளியை இங்கேயே பதிவிடுகிறேன்.