பழைய வீட்டில் எர்த் இல்லாத மூணு பின் சாக்கெட்: நியூட்ரலோடு சேர்க்கலாமா?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. மரப்பட்டை அடித்து அதன்மேல் ஒயர் இழுத்த வயரிங். நடுவில் யாரோ ரெண்டு பின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மூணு பின் மாட்டியிருக்கிறார்கள், போர்டைத் திறந்தால் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு ஒயரே இல்லை. புது வாஷிங் மெஷினை ஈரக்கையோடு தொட்டால் சுர்ரென்கிறது, டெஸ்டர் லேசாக எரிகிறது. எலக்ட்ரீஷியன், "நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுடறேன், ஷாக் நின்னுடும்" என்கிறார். செய்யலாமா? சுண்ணாம்புக் காரை சுவர், உடைத்தால் மொத்தமாக உதிரும்.

ஒயர்மேன்:
வேண்டவே வேண்டாம் சார். ஷாக் நிற்கும்தான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. போஸ்ட்டிலோ போர்டிலோ நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாகவே 230 வோல்ட் திரும்பி வந்து மெஷின் பாடியில் நிற்கும். பழைய வீட்டில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருந்தாலும், பாடிக்கு வந்த கரண்ட் அந்தத் துண்டு ஒயர் வழியே நியூட்ரலுக்கே போய்விடுவதால் கசிவு அதற்குத் தெரியாது.

இப்போது வரும் சுர் பெரும்பாலும் மெஷினுக்குள் கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஃபில்டரால். எர்த் இல்லாவிட்டால் பாடியில் பாதி வோல்டேஜ் வரை நிற்கும், ஆனால் கரண்ட் ரொம்பக் கம்மி. அதற்காக அலட்சியம் வேண்டாம், உள்ளே இன்சுலேஷன் போனாலும் இதே இடத்தில்தான் அடிக்கும்.

மாடிவீடு:
சுவரை உடைக்காமலே செய்யலாம். கொல்லையில் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்துக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து பச்சை ஒயரை பிவிசி கேசிங்கில் சுவர் மேலேயே ஓட்டி ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கீசர் பாயின்ட்டுகளுக்கு மட்டும் முதலில் கொடுங்கள். ஃபேனும் லைட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதோடு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்கள். எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் இருந்தால், நல்ல எர்த் என்றுதான் சொல்வார்கள், பேஸ் பாடியில் பட்டால் 230ஐ 5ஆல் வகுத்து 46 ஆம்ப்தான் வருகிறது. சி டைப் 16 ஆம்ப் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் சுவிட்ச்) உடனே விழ 80 ஆம்பாவது வேண்டும். எம்சிபியை மட்டும் நம்பினால், அது சூடாகி விழும்வரை பாடியில் கரண்ட் நிற்கும்.

காவிரிக்கரை:
நன்றி. குழி தோண்டும்வரை கிணற்று மோட்டார் குழாயில் எர்த்தைக் கட்டிக்கொள்ளலாமா? பழைய இரும்புக் குழாய்தான்.

ஒயர்மேன்:
கூடாது. நடுவில் எங்காவது ஒரு முழம் பிவிசி போட்டு ஒட்டியிருந்தால் எர்த் அதோடு சரி, ஃபால்ட் வந்தால் குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கும். அதுவரை ஆர்சிசிபியை மட்டும் மாட்டுங்கள், எர்த் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். மாட்டியதும் அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியன் "இது சரியில்லை, கழட்டிடலாம்" என்பார். விடாதீர்கள். பழைய ரப்பர் ஒயர் உறை வெடித்து ஈரச் சுவரில் கசிகிறதா என்று ஒவ்வொரு லைனாகக் கழற்றி மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் எர்த்துக்கு முன்னால் ஒயரைத்தான் மாற்ற வேண்டும்.