வரைபடத்தில் 2.5, விடைப்பக்கத்தில் 2.6

நிலா: மாமா, 2எக்ஸ் + 3ஒய் = 7, எக்ஸ் − ஒய் = 2. வரைந்தால் கோடுகள் (2.5, 0.5) என்ற இடத்தில் வெட்டுகின்றன. விடைப்பக்கத்தில் (2.6, 0.6) என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

கதிர்: உன் விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்காரரைத் திட்டு.

நிலா: இரண்டாவதில் 2 சரியாக வருகிறது அண்ணா. முதலாவதில் 7 வரவில்லை, 6.5 தான்.

மாமா: அப்படியானால் புள்ளி முதல் கோட்டை விட்டு விலகியிருக்கிறது. அதற்கு எந்தப் புள்ளிகளை எடுத்தாய்?

நிலா: எக்ஸ் 0, 1. ஒய் 2.33, 1.67 என வந்தன. கண்ணளவில் குறித்தேன்.

மாமா: அங்கேதான் இருக்கிறது விஷயம். கண்ணளவு, அதிலும் அருகருகே இரண்டு புள்ளிகள்! கோடு நீள நீளச் சிறு பிசகும் பெரிதாகும். எக்ஸுக்கு −1, 2, 5 கொடு. ஒய் 3, 1, −1 என வரும். புள்ளிகள் கட்டங்களின் மூலையிலேயே உட்காரும். கோடு போட இரண்டு போதும். மூன்றாவது கோட்டில் விழாவிட்டால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

நிலா: ஆமாம் மாமா, இப்போது 2.6 பக்கம் வந்துவிட்டது.

கதிர்: இவ்வளவு பாடு எதற்கு? ஒய்க்குப் பதிலாக எக்ஸ் − 2 போடு. 5எக்ஸ் = 13. முடிந்தது.

அத்தை: பிறகு வரைபடத்தைப் பாடத்தில் ஏன் வைத்திருக்கிறார்கள்?

மாமா: நிலா, முதல் சமன்பாட்டோடு 4எக்ஸ் + 6ஒய் = 10 ஐச் சேர்த்துத் தீர்த்துப் பார்.

நிலா: முதலாவதை 2 ஆல் பெருக்கிக் கழித்தால் 0 = 4 என்று வருகிறதே!

மாமா: வரைந்து பார்.

நிலா: ஓ, இணைகோடுகள். வெட்டவே வெட்டாது.

மாமா: அதனால்தான் தீர்வு இல்லை. 10 க்குப் பதில் 14 என்றால் 0 = 0 வரும். இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள்.

கதிர்: கெழுக்களை, அதாவது எக்ஸ், ஒய்க்கு முன்னால் நிற்கும் எண்களைப் பார்த்தாலே போதும் மாமா. 2/4 உம் 3/6 உம் சமம், 7/10 வேறு. வரையவே வேண்டாம்.

மாமா: நிலா பெருக்கிக் கழித்தாளே, அந்த நீக்கல் முறைதான் மூத்தது, ஒப்புக்கொள்கிறேன். சீனர்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எண்ணும் குச்சிகளை அடுக்கி அதைச் செய்தார்கள். சமன்பாட்டைக் கோடாகப் பார்ப்பது 17ஆம் நூற்றாண்டில் டெகார்ட், ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் வழியாக வந்தது. சரி, இதைச் சொல்: எக்ஸ் + ஒய் = 2, எக்ஸ் + 1.01ஒய் = 2.01.

கதிர்: (1, 1).

மாமா: 2.01 ஐ 2.02 ஆக்கு.

கதிர்: (0, 2)! கடைசி இலக்கத்தில் ஒன்று கூட்டியதற்கா இந்த ஓட்டம்?

அத்தை: நானும் வரைந்தேன். இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரிகின்றன.

மாமா: சாய்வு ஒன்றுக்கு −1, மற்றதற்குச் சுமார் −0.99. பென்சிலை எவ்வளவு சீவினாலும் அந்தத் தாளில் பிரியாது. ஏறத்தாழ இணையான கோடுகளில் ஒன்று இம்மியளவு நகர்ந்தாலும் வெட்டும் புள்ளி வெகுதூரம் போய்விடும் கதிர். விகிதம் பார்த்தாயே, 1/1 உம் 1/1.01 உம் வேறு வேறு, ஒரே ஒரு தீர்வு என்பதோடு அது நின்றுவிடும்.