புதுப்பிப்பு: 1948 கனடா வெள்ளி டாலருக்குத் தரச்சான்று வந்துவிட்டது

என்னிடமுள்ள 1948ஆம் ஆண்டுக் கனடா வெள்ளி டாலர் அசலா என்று முன்பு கேட்டிருந்தேன். அசல்தான் என்று சான்று வந்துவிட்டது. எடை 23.3 கிராம், விட்டம் 36 மில்லிமீட்டர் என அளவுகள் பொருந்தியதைவிட, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையைச் சுற்றியுள்ள வாசகத்தில் 'இந்தியாவின் பேரரசர்' என்பதைக் குறிக்கும் லத்தீன் சுருக்கம் இல்லாததே எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. இந்திய விடுதலைக்குப் பின் அப்பட்டம் நீக்கப்பட்டதால், அச்சுருக்கத்தோடு வரும் 1948 டாலர் ஆண்டு இலக்கம் திருத்தப்பட்டதாகவோ முழுப் போலியாகவோதான் இருக்கும். அச்சிடப்பட்டவை 18,780 மட்டுமே என்பதால், போலி செய்பவர்களுக்கு இதன்மேல் எப்போதும் ஒரு கண்.

ஆனால், நாணயம் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் தரநிலை எண் கிடைக்கவில்லை. காரணம், முன்பு யாரோ துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால், மன்னரின் கன்னத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன. நான் அந்தப் பளபளப்பைப் புது நாணயத்தின் மெருகு என்றல்லவா நினைத்திருந்தேன்!